தேர்தல் செய்திகளில் இரவல் மொழி

அரபு அணியிலக்கணத்தில் உருவகத்தை 'இஸ்திஆரா' என்பர். இரவல் வாங்குதல் என்பது அதன் நேர்ப்பொருள். சட்டக்கலையாகிய ஃபிக்ஹில் 'ஆரியத்' என்றொரு பாடம் உண்டு. அண்டை வீட்டாரிடம் அண்டாவையோ ஏணியையோ இரவலாகப் பெற்றுப் பயன்படுத்துவதற்குரிய நெறிகளை அப்பாடம் வகுத்துரைக்கும். இவ்விரு சொற்களும் ஒரே வேரினின்று கிளைத்தவை. இரவல் பெற்றவன் அப்பொருளுக்கு உடையவனாகிவிட மாட்டான். வேலை முடிந்ததும் திருப்பித் தருதல் வேண்டும். இசைந்த வகையிலன்றி வேறு வகையிற் பயன்படுத்திக் கெடுத்துவிட்டால் ஈடு கொடுத்தல் வேண்டும். இவை அப்பாடத்தின் சாரம்.

இவ்விரு பாடங்களையும் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருபவன் யான். ஒரு தேர்தலின் முடிவு வெளியான மறுநாட் காலையில், அணியிலக்கண வகுப்பிற்கு மாணவர் ஒருவர் நாளேடு ஒன்றைக் கையில் ஏந்தி வந்தார். "ஹஜ்ரத், இன்றைய பாடத்திற்கு வேண்டிய எடுத்துக்காட்டுகள் எல்லாம் இதன் முதற்பக்கத்திலேயே இருக்கின்றன" என்றார். படிக்கச் சொன்னேன். கோட்டை தகர்ந்தது, அலை வீசியது, அனல் பறந்தது, வாகை சூடினர், மண்ணைக் கவ்வினர் என்று அவர் படித்துக்கொண்டே போனார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியபின் இன்னொரு மாணவர் கேட்டார்: "இவ்வளவும் நடந்திருக்கிறதே, இதில் வாக்குப் போட்டவர் எங்கே?" பக்கத்தை மீண்டும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தோம். அவரைக் காணோம். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

உருவகம் வெறும் ஒப்பனைதானே, அதனை இத்துணைக் கூர்ந்து நோக்க வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். அவர்களுக்கு விடை கூறுபவர் ஹிஜ்ரி 471, அதாவது கி.பி. 1078 அளவில் மறைந்த பேரறிஞர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி. அவர் தம் 'அஸ்ராருல் பலாகா'வில் உருவகத்தை இரவற் பொருளோடு ஒப்பிட்டார். 'தலாயிலுல் இஃஜாஸ்' என்னும் நூலிலோ இன்னும் ஒருபடி மேலே சென்றார். வீரன் ஒருவனைச் சிங்கம் என்று சொல்லும்போது, ஒரு சொல் இருந்த இடத்தினின்று வேறிடத்திற்குப் பெயர்க்கப்பட்டது என்று மட்டும் கொள்ளலாகாது. அவன் சிங்கமே என்று ஓர் உரிமைக் கூற்று அங்கே நாட்டப்படுகிறது என்பது அவர்தம் முடிபு. நம் தண்டியலங்காரமும் இதற்கு அணித்தாகவே நிற்கிறது. உவமைக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை ஒழித்து இரண்டையும் ஒன்றாக்குவதே உருவகம் என்பது அந்நூலின் கொள்கை. ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1980-இல் வெளியிட்ட நூலொன்றில், வாதத்தைப் போராகக் கருதிப் பேசும் சமுதாயம் வாதத்தைப் போராகவே நடத்தும் என்று விளக்கினர். ஒன்பது நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் ஜுர்ஜானியின் கருத்து வேறோர் ஆடை புனைந்து வந்ததாகவே எமக்குத் தோன்றியது.

ஆகவே, செய்தித்தாளின் உருவகத்தை ஓர் உரிமைக் கூற்றாகவே கொண்டு ஆராய வேண்டும். அங்ஙனம் ஆராய்வதற்கு அம்மாணவரின் கேள்வியே போதிய அளவுகோல். ஒவ்வோர் உருவகத்திலும் வாக்காளர் எங்கே நிற்கிறார்?

போர்க்களம்

உலக மொழிகளின் செய்தித்தாள்கள் பெரிதும் விரும்புவது போர் உருவகமே. ஆங்கிலத்தில் தேர்தல் பரப்புரையைக் குறிக்கும் 'கேம்பெய்ன்' என்னும் சொல், படைகள் வெளிநிலத்தில் இறங்கிப் பொருவதைக் குறித்த சொல்லாகும். செருமானியர் தேர்தல் பரப்புரையை 'வால்கம்ஃப்' என்கின்றனர்; தேர்தற்போர் என்பதே அதன் பொருள். அரபு ஏடுகள் 'ஹம்லா' என்றும் 'மஃரகா' என்றும் எழுதும். முன்னது பாய்ந்து தாக்குதல், பின்னது போர்க்களம். போட்டி முற்றினால் 'ஹாமியத்துல் வதீஸ்' என்பர். அடுப்பு கொதிப்பேறிய நிலை என்பது பொருள். ஹிஜ்ரி எட்டாம் ஆண்டின் ஹுனைன் போரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவாயில் பிறந்த வழக்கு அது என்பர். உண்மையான வாள்களுக்கிடையே பிறந்த அச்சொல், இன்று நகரசபைத் தேர்தல் செய்தியிலும் தயக்கமின்றி வந்து அமர்கிறது. இந்தி ஏடுகளில் தேர்தல் என்றால் மல்யுத்தமாகிய 'தங்கல்'. அறிவிப்பு வந்ததும் போர்க்கொம்பு ஊதப்படும்.

நம் தமிழுக்கோ இதற்கு ஈராயிரம் ஆண்டுப் பயிற்சி உண்டு. கோட்டையை வளைத்தால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி, இரு படையும் எதிர்நின்று மோதினால் தும்பை, வென்றால் வாகை. இன்றைய செய்தியாளர் புறத்திணை கற்றவரோ அல்லரோ, 'கோட்டையைக் குறிவைக்கிறது', 'கோட்டையைத் தக்கவைத்தது', 'நேருக்கு நேர் மோதல்', 'வாகை சூடினார்' என்று அதே வரிசையை வழுவாது எழுதிச் செல்கிறார். ஆயினும் ஒன்றை அவர் மறந்துவிட்டார். தொல்காப்பியர் கூறும் வாகை, வாளால் வென்றோர்க்கு மட்டும் உரியதன்று. அறிவு, தவம் முதலிய தத்தம் துறையில் மேம்பட்டு விளங்குவோரின் சிறப்பையும் அத்திணை தன்னுள் அடக்கியது. அவ்விரிந்த வாகையைச் சுருக்கிக் குருதிக்கறை படிந்த மாலையாக மட்டும் இன்று சூட்டுகிறோம்.

இவ்விடத்தில் பழந்தமிழ்ப் பாட்டொன்றை நினைவுகூர வேண்டும். அகநானூற்றின் 77-ஆம் பாடல் மருதன் இளநாகனார் பாடியது, பாலைத்திணை. போரில் மடிந்து கிடக்கும் மறவரின் குடரைக் கழுகினமாகிய எருவை பற்றி இழுக்கும் கொடுங்காட்சியைப் புலவர் காட்டுகிறார். அதற்கு அவர் கூறும் உவமை வியப்பிற்குரியது. கயிற்றாற் கட்டி முத்திரையிட்ட குடத்தைத் திறந்து, அதன் உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே எடுக்கும் ஆவண மாக்களை அவர் உவமையாக்குகிறார். குடவோலை முறையை இப்பாடல் சுட்டுவதாக அறிஞர் பலர் கொள்வர். அப்புலவருக்குப் போர்க்களம் விளக்கப்பட வேண்டிய பொருள். ஓலையெடுப்பு அதனை விளக்கும் உவமை. ஊரார் அனைவரும் கண்டறிந்த அமைதியான நிகழ்ச்சியைக் கொண்டு, காணவொண்ணாக் கொடுமையை அவர் உணர்த்தினார். இன்றோ இது தலைகீழாயிற்று. வாக்கெடுப்பு விளக்கப்படும் பொருளாயிற்று. போர்க்களம் அதனை விளக்க வந்த உவமையாயிற்று. உவமையும் பொருளும் இடம்மாறி நிற்பதனை நம் அணிநூலார் விபரீத உவமை என்பர். அரபு நூலார் 'தஷ்பீஹ் மக்லூப்' என்பர். கவிஞர் ஒருவர் ஒரு பாட்டில் இங்ஙனம் மாற்றினால் சுவை பிறக்கும். ஒரு நாடே நாள்தோறும் மாற்றிப் பேசினால், எது விளக்கப்பட வேண்டியது, எது எல்லார்க்கும் பழக்கமானது என்னும் தெளிவே குன்றிவிடும்.

குடவோலை எவ்வாறு நடந்தது என்பதனை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் விரிவாகக் கூறுகின்றன. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்டவை அவை. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதிருந்தவருக்கும் அவர்தம் உறவினர்க்கும் அதில் இடமில்லை. அது பிரமதேய ஊரொன்றின் சபை. நிலமும் கல்வியும் உடையார்க்கே உரியது. அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் இற்றைநாள் முறை அன்று. எனினும் அதன் சொற்களில் பகையில்லை. அரபியில் வாக்கெடுப்பைக் குறிக்கும் 'இக்திராஉ' என்னும் சொல்லும் சீட்டுக் குலுக்குதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தே வந்தது. காஞ்சிக்கு அணித்தாயதோர் ஊரின் குடமும் அரபு அகராதியின் இவ்வேர்ச்சொல்லும் ஒரே கருத்தைத் தனித்தனியே தாங்கி நிற்கின்றன. பொறுப்புக்கு ஆள் தெரிதல் என்பதே அக்கருத்து.

போர் உருவகத்தில் வாக்காளர் எங்கே? ஒன்று, தலைவரின் பின்னே செல்லும் படைஞர். அன்றேல், கைப்பற்றப்படும் நிலம். 'தொகுதியைக் கைப்பற்றினார்' என்னும்போது, அத்தொகுதியின் இலட்சக்கணக்கான மக்கள் வென்றெடுக்கப்பட்ட மண்ணாகிவிடுகின்றனர். தோற்றவர் பகைவராகிறார். மறுநாள் சட்டமன்றத்தில் அவரும் அருகிருந்து நாட்டின் வரவுசெலவுக் கணக்கைப் பார்க்க வேண்டியவர் என்பது மறந்துபோகிறது.

நடுநிலை பிறழாமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெய்யான போரை ஒழித்து அதன் இடத்தில் வந்து அமர்ந்ததே தேர்தல். தலையை வெட்டுவதை விடுத்துத் தலையை எண்ணும் முறை அது. ஆகவே போரின் சொற்கள் அதனிடம் வந்து சேர்ந்ததில் ஒரு வரலாற்று நியாயம் உண்டு. ஆனால் சொல்லை இரவல் கொடுத்த போர், தன் குணத்தையும் உடன் அனுப்பிவைக்கிறது. தேர்தல் நாளில் வீதியில் கல் பறக்கும்போது, அக்கல்லின் ஒரு பங்கு அச்சிலிருந்தும் எறியப்பட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பந்தயமும் பேரலையும்

ஆங்கில ஏடுகளுக்குக் குதிரைப் பந்தயத்தில் தனி விருப்பம். முன்னோடுபவர், கழுத்தளவில் முந்துபவர், இறுதிச் சுற்று என்பன எல்லாம் பந்தயத் திடலின் வழக்குகள். கூடுதல் வாக்குப் பெற்றவரே வென்றார் என்னும் நம் தேர்தல் முறைக்கே, கம்பத்தை முதலிற் கடந்தவர் என்பதுதான் ஆங்கிலப் பெயர். எதிர்பாராது முந்துபவரைக் குறிக்கும் 'கறுப்புக் குதிரை', டிஸ்ரேலி 1831-இல் வெளியிட்ட புதினமொன்றில் பந்தயத் திடலில் ஓடியது. 1844-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜேம்ஸ் போல்க் வென்றபோது அரசியலுக்குள் புகுந்தது. இன்று மொழிபெயர்ப்பாகத் தமிழ் ஏடுகளிலும் கனைக்கிறது. அமெரிக்கர் தேர்தலில் 'ஓடுகின்றனர்'. பிரித்தானியர் 'நிற்கின்றனர்'. நாமும் இந்தி பேசுவோரும் நிற்பதாகவே சொல்கிறோம். நிற்பவரை ஏற இறங்கப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், காத்திருக்க வைக்கலாம். ஓடுபவரிடம் எவர் கேள்வி கேட்பது? பந்தயத்தில் வாக்காளர் திடலுக்கு வெளியே நின்று பார்ப்பவர். மிஞ்சினால் பணயம் வைப்பவர். ஆற்றுநீர், பள்ளிக்கூடம், விளைபொருள் விலை என்னும் பேச்சுகளுக்குப் பந்தயத் திடலில் இடமில்லை. யார் முந்துகிறார் என்பது ஒன்றே அங்கே செய்தி.

பந்தயத்தினும் வலியது இயற்கைச் சீற்றம். நாம் அலை என்கிறோம், இந்தியில் 'லஹர்'. பிரெஞ்சியர் கடல் பொங்கிக் கரையேறுவதைக் குறிக்கும் சொல்லால் பெருவெற்றியைச் சுட்டுவர். ஆங்கிலத்திலும் செருமானியத்திலும் அது நிலச்சரிவு. 2024 சூலை 4-இல் பிரித்தானியத் தேர்தல் நடந்தது. தொழிற்கட்சியின் வெற்றியை ஆங்கில ஏடுகள் நிலச்சரிவு என்று வருணித்தன. அதே திங்கள் 30-ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மெய்யான நிலச்சரிவில் புதைந்தன. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே திங்களில், ஒரே மொழியில், ஒரே சொல் ஓரிடத்தில் மாலையாகவும் மற்றோரிடத்தில் மண்மேடாகவும் நின்றது. தமிழ்ச் செய்தியாளர் 'நிலச்சரிவு வெற்றி' என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. நீலகிரியை அறிந்த மொழி அச்சொல்லைக் கொண்டாட்டத்திற்குத் தர மறுத்தது போலும்.

அந்த நாணம் 'சுனாமி' என்னும் சொல்லின்பால் நமக்கு நிலைக்கவில்லை. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுசென்றது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேல். பத்தாண்டு கழிவதற்குள் அச்சொல் தேர்தல் வெற்றிக்குப் பட்டமாயிற்று. 2014-ஆம் ஆண்டின் மக்களவைத் தேர்தலின்போதும், மீண்டும் 2019-இலும் பல மொழி ஏடுகளும் தொலைக்காட்சிகளும் அதனை மகிழ்ச்சியோடு முழங்கின. நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அத்தலைப்பை எவ்வாறு படித்திருப்பர்? இசைந்த வகையிலன்றி வேறு வகையிற் பயன்படுத்திக் கெடுத்த இரவற் பொருளுக்கு இதனினும் தெளிவான சான்று எமக்குத் தெரியவில்லை.

அலை என்னும் உருவகம் கணக்கையும் மறைக்கும். 2024-இன் பிரித்தானிய 'நிலச்சரிவில்' வென்ற கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு 33.7, இடங்களோ 650-இல் 411. வாக்குரிமை பெற்றோருள் நூற்றுக்கு அறுபதின்மரே வாக்களித்தனர். சரிந்தது எந்த நிலம்? 2014-இன் மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களில் 37-ஐ அ.இ.அ.தி.மு.க. பெற்றது, அதற்கு விழுந்த வாக்கு நூற்றுக்கு 44 அளவில். நூற்றுக்கு 23-க்கு மேல் பெற்ற தி.மு.க.வுக்கு ஓரிடமும் இல்லை. அக்கட்சிக்கு வாக்களித்தோர் தொண்ணூறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். 'துடைத்தெறியப்பட்டது' என்று எழுதுகின்ற கை, அத்துணை மக்களையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. அவர்கள் எங்கும் போய்விடவில்லை. மறுநாளும் அதே வீட்டில், அதே கருத்தோடு இருந்தனர். அலைக்கு அறிவில்லை, அதன் துளிகளுக்குப் பெயருமில்லை. மக்கள் எண்ணிப் பார்த்துச் செய்த முடிவைக் காற்றும் நீரும் செய்த செயலாக்கிவிடுகிறது இவ்வுருவகம்.

வங்கி

இனி, நம் நெஞ்சுக்கு மிக அணித்தான உருவகம் ஒன்றைக் காண்போம். 'வாக்கு வங்கி' என்னும் தொடரைச் சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் 1955-இல் வெளிவந்த கட்டுரையொன்றில் கையாண்டார். மைசூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரை அது. தம்மை அண்டிப் பிழைப்போரின் வாக்குகளைத் தம் கைக்குள் வைத்திருந்த ஊர்ப் பெரியவரின் ஆற்றலைச் சுட்டுவதற்காக அவர் அத்தொடரை வழங்கினார். பெரியவரின் பிடியைக் காட்டிக்கொடுப்பதே அதன் நோக்கம். காலப்போக்கில் சுட்டுவிரல் திரும்பிக்கொண்டது. பெரியவர் மறைந்தார், அவர் பிடியில் இருந்தோரே வங்கியாயினர். இன்று 'சிறுபான்மையினர் வாக்கு வங்கி' என்றும் 'இன்ன சாதியின் வாக்கு வங்கி' என்றும் எழுதுவோர், குற்றத்தைப் பிடித்தவன்மேலிருந்து எடுத்துப் பிடிபட்டவன்மேல் ஏற்றிவிடுகின்றனர்.

ஒரு தேர்தலுக்கு முன்னாள் எங்கள் தெருவுக்குச் செய்தியாளர் ஒருவர் வந்தார். இளைஞர், பண்புடையவர். தேநீர்க்கடை வாயிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம், "பாய், இந்தத் தெரு வாக்கெல்லாம் இந்தத் தடவை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். முதியவர் சற்று நேரம் அவரைப் பார்த்தார். "தெருவுக்கு வாக்கு இல்லையே தம்பி. எனக்கு ஒன்று இருக்கிறது. என் மகனுக்கு ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போய் வருசம் பத்தாகிறது" என்றார். இளைஞர் சிரித்துக்கொண்டே குறிப்பேட்டை மூடினார். அவர்மேல் குறை சொல்லேன். அவர் கையில் இருந்த சொல் அந்த முதியவரைக் காண்பதற்கு உதவவில்லை, அவ்வளவே. வங்கியில் இருக்கும் பணம் பேசாது. இன்னொருவர் போட்டது, இன்னொருவர் எடுப்பது. ஒரு மனிதரைப் பணமாகக் காணத் தொடங்கிவிட்டால், அவரிடம் போய்க் கருத்துக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. 'இருப்பு' எவ்வளவு என்று அறிந்தாற் போதும்.

வாக்கு

இத்துணை உருவகங்களையும் விலக்கிவிட்டு, அவர் கையில் இருக்கும் அந்தச் சிறு உரிமைக்கு மொழிகள் என்ன பெயர் இட்டுள்ளன என்று பாருங்கள். தமிழில் வாக்கு, அதாவது வாய்ச்சொல், கொடுத்த உறுதிமொழி. அரபியில் 'ஸவ்த்', குரல். செருமானியத்தில் 'ஷ்டிம்மெ', உருசியத்தில் 'கோலஸ்', பிரெஞ்சில் 'வுவா'; மூன்றும் குரலையே குறிப்பன. ஆங்கிலத்தின் 'வோட்டு' இலத்தீனில் நேர்த்திக்கடனையும் வேண்டுதலையும் குறித்த சொல்லினின்று வந்தது; அதுவும் வாய்திறந்து சொல்லப்படுவதே. இந்தியில் 'மத்', கருத்து. ஒன்றற்கொன்று தொலைவான மொழிகள் பல ஒரே முடிவுக்கு வந்துள்ளன. வாக்களிப்பவர் பேசுகிறார் என்பதே அம்முடிவு. இதுவும் உருவகந்தான். தாளில் இடும் முத்திரையும் பொறியில் அழுத்தும் பொத்தானும் ஒலி எழுப்பிப் பேசுவதில்லை. ஆனால் இவ்வுருவகத்தின் உரிமைக் கூற்று மெய்யானது.

சமயச் சட்ட அறிஞரும் தம் துறையிலிருந்து ஒப்புமை தேடினர். உருது மொழியில் 'மஆரிஃபுல் குர்ஆன்' என்னும் விரிவுரை இயற்றிய முஃப்தி முஹம்மது ஷஃபீ (1897–1976), வாக்களித்தலைச் சாட்சி கூறுதல், பரிந்துரைத்தல், பிரதிநிதியை அமர்த்துதல் என மூவகையாகக் கொண்டார். இம்மூன்றிலும் வாக்காளரே வினைமுதல். அவர் பொய்ச்சாட்சி கூறினால் பொறுப்பும் அவரையே சாரும். உரிமையோடு பொறுப்பையும் ஒருசேரத் தருகின்ற உருவகம் இது. அலைக்கும் வங்கிக்கும் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை, சாட்சிக்கு உண்டு.

அன்று வகுப்பின் முடிவில் மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். முதற்பக்கத் தலைப்புகளை மக்களை எழுவாயாக வைத்துத் திருப்பி எழுதச் சொன்னேன். 'கோட்டை தகர்ந்தது' என்பதனை ஒருவர், 'முப்பது ஆண்டாக ஒருவரையே தெரிந்துவந்த இத்தொகுதி மக்கள் இம்முறை வேறொருவரைத் தெரிந்தனர்' என்று எழுதினார். 'மண்ணைக் கவ்வினார்' என்பதனை இன்னொருவர், 'இவரை வேண்டுமென்றோர் எழுபதினாயிரம் பேர். போதவில்லை' என்று எழுதினார். "சுவை குறைந்துவிட்டதே ஹஜ்ரத்" என்றார் மூன்றாமவர். குறைந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் தலைப்பைப் படித்தவுடன் நெஞ்சில் ஒரு கேள்வி எழுந்தது. முப்பது ஆண்டுக்குப்பின் ஏன் மாறினர்? 'கோட்டை தகர்ந்தது' என்றபோது எவர்க்கும் அக்கேள்வி எழவில்லை. செய்தியின் வேலை அக்கேள்வியை எழுப்புவதன்றோ?

உருவகமே வேண்டாம் என்று அணியிலக்கணம் கற்பிப்பவன் சொல்வது பொருந்தாது. 'இழுபறி' போன்ற நல்ல தமிழ் வழக்குகள் இருக்கட்டும். 'தேர்தல் திருவிழா' என்பதில் ஊர் கூடும் மகிழ்ச்சியேனும் உண்டு. யாம் வேண்டுவது ஒன்றே. செய்தி எழுதுவோர் ஒவ்வொரு சொல்லையும் எடுக்கும்போது, இஃது யாரிடம் வாங்கிய இரவல், இதனால் யார் வாய் அடைபடுகிறது என்று ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும். போரிடமும் பந்தயத் திடலிடமும் கடலிடமும் வட்டிக்கடையிடமும் வாங்கியவை நெடுங்காலம் நம் வீட்டில் தங்கிவிட்டன. உடையவரிடம் அவற்றைத் திருப்பித் தருவோம். வாக்கு என்னும் நம் சொந்தச் சொல் வீட்டிலேயே இருக்கிறது.